வயிற்றில் வைத்த பையை எப்போது எடுப்பது?

 

குடல் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார் முதலில் செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்ததாக, "வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். தற்காலிகம்தான் என்றார் டாக்டர். அதை எப்போது எடுப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். மகளின் நிக்காஹ்வுக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். இன்னொரு ஆபரேஷனா என்று பயந்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சிலர் தள்ளிப் போடுகிறார்கள். இந்த இரண்டிலுமே நோயாளிக்குக் கேடு இருக்கிறது. எனவே இம்மாத மருத்துவப் பாடத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டு நோயாளியின் விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் அவருக்கு ஆபரேஷன் செய்த மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது, அவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கே இந்தப் பாடம்.

பை ஏன் வைக்கப்படுகிறது?

மலக்குடலில் புற்றுநோய் வந்தால், நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மேலே உள்ள குடலையும் கீழே மீந்த பகுதியையும் இணைப்பார்கள். இந்த இணைப்பு ஆசனவாய்க்கு நெருக்கமாக இருக்க இருக்க, அது சரியாகக் கூடாமல் கசியும் ஆபத்து அதிகம். கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இணைப்பு ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாதபடி, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் தோலுக்கு வெளியே கொண்டுவந்து திறந்து வைக்கிறார்கள். இந்தத் திறப்புக்குத்தான் ஸ்டோமா என்று பெயர். சிறுகுடலில் வைத்தால் இலியோஸ்டமி, பெருங்குடலில் வைத்தால் கொலாஸ்டமி. நாம் பேச்சில் பை என்று சொல்வது அந்தத் திறப்பின் மேல் ஒட்டும் பையை.

இந்த ஏற்பாட்டின் பலன் ஆய்வில் தெளிவாகியிருக்கிறது. ஸ்வீடனில் 234 நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், பை வைத்தவர்களில் 100க்கு சுமார் 10 பேருக்குக் கசிவு ஏற்பட்டது. பை வைக்காதவர்களில் 100க்கு 28 பேருக்கு ஏற்பட்டது. ஆகவே பை வைத்ததை மருத்துவரின் தோல்வியாகவோ, நோய் முற்றிவிட்டதன் அடையாளமாகவோ எண்ண வேண்டாம். அது ஒரு காவல். காவல் இனித் தேவையில்லை என்று உறுதியாகும்போது எடுக்கப்படும்.

எத்தனை வாரம்?

பொதுவாக மருத்துவர்கள் சொல்வது 8 முதல் 12 வாரம். இதற்குக் காரணம் உண்டு. பெரிய ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே வயிற்றுக்குள் குடல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. இரண்டாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய ஆறு, எட்டு வாரம் வரை இந்த ஒட்டுதல் கெட்டியாகவும் இரத்தம் கசியும் தன்மையோடும் இருக்கும். அப்போது பிரித்தால் நல்ல குடலும் கிழியலாம். அதன்பின் ஒட்டுதல் மெல்ல இளகும். வீக்கம் வடியும். கீழே உள்ள இணைப்பும் உறுதியாகும். நோயாளியும் சாப்பிட்டு உடல் தேறியிருப்பார்.

"சில ஊர்களில் பத்து நாளில் எடுத்துவிடுகிறார்களாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது உண்மைதான். டென்மார்க், ஸ்வீடன் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுதல் கெட்டியாகும் முன்பே, 8 முதல் 13 நாட்களுக்குள் ஸ்டோமாவை மூடினார்கள். 12 வாரம் கழித்து மூடியவர்களைவிட அவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இணைப்பில் கசிவு இல்லை என்று பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களையும், முதல் ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் கண்டவர்களையும் சேர்க்கவில்லை. நம் பகுதியில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு சுகர் இருக்கும் நிலையில், அந்த முடிவை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. பத்து நாளில் மூடுவது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் உரியது.

தள்ளிப் போட்டால் என்ன?

காத்திருப்பது எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. மலம் போகாத கீழ்க்குடல் மாதக்கணக்கில் வேலையற்றுக் கிடந்தால் சுருங்கி, அடக்கும் பழக்கத்தையும் இழக்கிறது. நீண்ட காலம் கழித்து மூடியவர்களுக்கு, பிறகு மலத்தை அடக்க முடியாமை, அடிக்கடி போக வேண்டியிருத்தல் போன்ற தொல்லைகள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிறுகுடல் பையில் நீரும் உப்பும் தினமும் வீணாவதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் உண்டாகலாம், தோல் புண்ணாகலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தற்காலிகம் என்று சொல்லி வைத்த பைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கடைசிவரை எடுக்கப்படுவதே இல்லை. சிலருக்கு நோய் பரவியது, இணைப்பு கூடவில்லை, இதயமும் நுரையீரலும் இன்னொரு ஆபரேஷனைத் தாங்காது என்பன போன்ற நியாயமான காரணங்கள் இருக்கும். அப்போது பையோடு வாழ்வதே நல்ல முடிவு. வயது முதிர்ந்து ஆசனவாய்த் தசை தளர்ந்தவர்களுக்கும் சில நேரம் அதுவே கண்ணியமான வாழ்வைத் தரும். ஆனால் பணம் சேரவில்லை, கூட்டிப்போக ஆளில்லை, அடுத்த தேதியை யாரும் கேட்கவில்லை என்ற காரணங்களுக்காக ஒருவர் ஆயுள் முழுவதும் பையோடு இருக்க நேர்ந்தால், அந்தப் பொறுப்பு குடும்பத்தையும் ஜமாஅத்தையும் சேர்ந்தது.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, இணைப்பு கூடியிருக்கிறதா? மருத்துவர் விரலால் சோதிப்பார். ஆசனவாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார். தண்ணீரில் கரையும் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, சாயம் எங்காவது வெளியே கசிகிறதா, குடல் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. கசிவு தெரிந்தால் காத்திருந்து மீண்டும் சோதிப்பார்கள். சுருக்கம் இருந்தால் முதலில் அதை விரிப்பார்கள். ஆகவே, "எக்ஸ்ரேயில் சரியில்லை, இன்னும் இரண்டு மாதம் போகட்டும்" என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம்.

இரண்டாவது, உடல் தயாரா? ஹீமோகுளோபின், புரதச்சத்து, உப்புச்சத்து, கிரியேட்டினின், சுகர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எடை குறைந்துகொண்டே போகிறவருக்கு இன்னொரு தையல் எளிதில் கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, மூல நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? புற்றுநோயாளிக்கு ஸ்கேன் எடுத்து, நோய் வேறெங்கும் பரவவில்லை என்று பார்த்த பிறகே நாள் குறிப்பார்கள்.

கீமோ உள்ளவர்கள்

ஆபரேஷனுக்குப் பின் கீமோ தேவைப்படுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். கீமோவைப் பொதுவாக எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட விரும்புவார்கள். அது 3 முதல் 6 மாதம் வரை நீளும். இடையில் பையை மூடப்போய் ஏதாவது சிக்கல் வந்தால் கீமோ நின்றுவிடும். எனவே பலர் கீமோ முடிந்து, இரத்த அணுக்கள் தேறச் சில வாரங்கள் விட்டு மூடுகிறார்கள். இப்படிப்பட்டவருக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆவது தாமதம் என்று சொல்ல முடியாது, அது திட்டத்தில் உள்ளதே. ஆனால் கீமோவின் வயிற்றுப்போக்கும் பையின் நீரிழப்பும் சேர்ந்து சிறுநீரகம் கெடத் தொடங்கினால், முன்கூட்டியே மூடலாமா என்று புற்றுநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசுவார்கள். அந்தப் பேச்சு நடக்கிறதா என்று குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு நோய்களுக்கு வைத்த பை

குடல் திடீரென்று ஓட்டை விழுந்தோ முறுக்கிக்கொண்டோ அவசர ஆபரேஷன் நடந்தால், நோயுள்ள பகுதியை நீக்கி, மேல்குடலை வெளியே வைத்து, கீழ்க்குடலின் வாயைத் தைத்து உள்ளேயே விடுவதுண்டு. 1921இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஹென்றி ஹார்ட்மேனின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இதைத் திருப்பி இணைப்பது வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன். பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாதத்தில் எடுத்தார்களே என்று இதோடு ஒப்பிடக் கூடாது. அவருக்கு வைத்தது வேறு வகை.

குடல் காசநோயால் ஓட்டை விழுந்தவர்களுக்கு, காசநோய் மாத்திரை வேலை செய்து, எடை கூடிய பிறகே மூடுவார்கள். மாத்திரையை, பொதுவாக 6 மாதம், ஒரு நாளும் விடாமல் முடிக்க வேண்டும். அரசு அதை இலவசமாகத் தருகிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும்.

மலவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மூன்று கட்டம் உண்டு. பிறந்தவுடன் பை, சில மாதத்தில் மலவாய் அமைக்கும் ஆபரேஷன், அதன்பின் பையை மூடுதல். இரண்டாவது கட்டத்துக்குப் பிறகு, புதிய மலவாய் சுருங்காமல் இருக்கத் தாய் தந்தையர் வீட்டில் தினமும் மருத்துவர் தந்த கம்பியால் விரித்துவர வேண்டும். உரிய அளவு வந்த பிறகே மூடுவார்கள். பிள்ளை அழுகிறது என்று விட்டுவிட்டால், மூடும் நாளும் தள்ளிப்போகும்.

காத்திருக்கும் நாட்களில்

சிறுகுடல் பையில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் வருவது பரவாயில்லை. ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, தண்ணீராகவே போனாலோ, சிறுநீர் குறைந்து மஞ்சளானாலோ, கால் சதை இழுத்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறும் தண்ணீரையும் டீயையும் குடம் குடமாகக் குடித்தால் பையில் இன்னும் அதிகமாகத்தான் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைச் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். பிரஷருக்கும் சுகருக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளை இந்த நேரத்தில் நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும். அதையும் கேளுங்கள்.

முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் தினமும் சேரட்டும். தேங்காய்ச் சில்லு, கடலை, சோளம், காளான் போன்றவை திறப்பை அடைக்கலாம். நன்றாக மென்று, குறைவாகச் சாப்பிட வேண்டும். பையின் துளையை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டினால் தோல் புண்ணாகாது. பை இருக்கும்போதும் ஆசனவாய் வழியே சளி போல் வருவது இயல்புதான், பயப்பட வேண்டாம். மலத்தை அடக்கும்போது இறுக்குவது போல ஆசனவாய்த் தசையை இறுக்கி விடும் பயிற்சியை இப்போதே தொடங்கினால், மூடிய பிறகு பலன் தெரியும்.

தொழுகை, நோன்பு, பயணம்

"பையோடு என் தொழுகை கூடுமா? சீக்கிரம் எடுத்துவிட்டால் நிம்மதியாகத் தொழுவேன்" என்று பெரியவர்கள் கண் கலங்குவதைப் பார்க்கிறோம். அதற்காக நாளை முந்த வைக்க வேண்டியதில்லை. தொடர்ந்து உளூ முறிந்துகொண்டே இருக்கும் நிலையில் உள்ளவருக்கான சட்டத்தை நம் இமாம்கள் முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் உளூ. ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ. பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, உளூ செய்து தொழ வேண்டியதுதான். விவரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமளானில் சிறுகுடல் பை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைப்பது ஆபத்து. நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டே இருக்க, பகல் முழுதும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். நோயாளிக்கு வேறு நாட்களில் களா செய்யும் சலுகையை அல்லாஹ் தந்திருக்கிறான். நோன்புக்கு முன்பே மூடிவிட வேண்டும் என்று மருத்துவரை நெருக்கவும் வேண்டாம். மூடிய முதல் வாரங்களிலும் உடல் நோன்பைத் தாங்கும் நிலையில் இருக்காது. உம்ரா, ஹஜ் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்னரே ஆபரேஷன் நாளைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நிக்காஹ் வீட்டில் பையோடு உட்கார்ந்திருப்பதில் எந்த வெட்கமும் இல்லை. மேலே தளர்வான சட்டை இருந்தால் வெளியே தெரியவும் போவதில்லை.

மூடிய பிறகு

வளைவு வகைப் பையைப் பெரும்பாலும் அந்தத் திறப்பின் வழியாகவே பிரித்து, குடலை இணைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். சிக்கல் இல்லாவிட்டால் சில நாட்களில் வீட்டுக்கு வரலாம். தொற்றுக்கு இடமின்றி, தோல் காயத்தைச் சுருக்குப்பை வாய் போல் சுருக்கி நடுவில் சிறு துளை விட்டிருப்பார்கள். அது தானே ஆறும். சிறிய ஆபரேஷன்தான் என்று அலட்சியம் வேண்டாம். காய்ச்சல், வயிறு உப்புதல், வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும். ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்கக் கூடாது.

மலக்குடலை எடுத்தவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பையை எடுத்த மறுநாளே பழைய வயிறு திரும்பிவிடாது. ஒரு நாளில் ஏழெட்டு முறை போக வேண்டியிருக்கலாம். அவசரமாக வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை வரும், ஆசனவாய் எரியும். மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். சிலருக்கு ஓரிரு வருடம் ஆகும். உணவு மாற்றம், மருந்து, தசைப் பயிற்சி ஆகியவற்றால் சமாளிக்கலாம். "இதற்குப் பையே மேல்" என்று நோயாளி சொன்னால் கோபிக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி வழி கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. வைத்திருப்பது எந்த வகை ஸ்டோமா? மூடக்கூடியதா?
2. எத்தனை வாரம் கழித்து மூட எண்ணியிருக்கிறீர்கள்? அதற்குக் காரணம் என்ன?
3. இணைப்பு கூடியதா என்று எந்தப் பரிசோதனை, எப்போது?
4. கீமோ உண்டா? அதற்கு முன்பா, பின்பா?
5. ஹீமோகுளோபின், எடை, சுகர் எந்த அளவுக்கு வர வேண்டும்?
6. மூடிய பின் அடக்கும் சக்தி எப்படி இருக்கும்?
7. இன்று நாள் குறிக்க முடியாவிட்டால், முடிவு சொல்ல எந்தத் தேதியில் வர வேண்டும்?

ஏழாவது கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். "பிறகு பார்க்கலாம்" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்தவர்களே காணாமல் போகிறார்கள். அடுத்த தேதி கையில் இருந்தால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வரும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மூடும் ஆபரேஷனுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போதே காப்பீட்டுக் கவுண்டரில் விசாரித்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி அறிக்கை, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பணம்தான் தடை என்றால் மாதங்கள் ஓடிய பிறகு வராமல், மருத்துவர் நாள் குறித்தவுடனேயே அந்தக் கோப்போடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். ஸகாத், ஸதகா நிதியிலிருந்து செய்ய முடிந்ததைச் செய்வது நம் எல்லோரின் கடமை.

உங்கள் தெருவில் பையோடு காத்திருக்கும் ஒருவர் இருந்தால், நலம் விசாரிக்கப் போகும்போது, "அடுத்த தேதி எப்போது?" என்று அன்போடு கேட்டுவிட்டு வாருங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் நீங்கள் கூடப் போங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.